அந்தப் பதினொன்று என்னுடையது

ஜூன் 4

பென்சிலுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கவில்லை. நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் உன் அண்ணனுக்கு நாலு முறை போன் வந்திருக்கும். எனக்கு உன் உதவி வேண்டும். இந்த ஒரு வரியை எழுத மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

ஆடைத் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன். செப்டம்பர் 14 தேர்வு. நவம்பரில் எனக்கு முப்பத்தைந்து முடிகிறது, அதற்குமேல் அங்கே சேர்க்கமாட்டார்கள். இந்த முறை விட்டால் விட்டதுதான்.

உனக்கே தெரியும், ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பும் திரையும் தைக்கும் இந்தப் பட்டறையில் பதினாறு வருடமாகத் துணி வெட்டுகிறேன். போன மாதம் அதே கல்லூரியில் படித்த ஒரு சூப்பர்வைசர் வந்தார். பூப்போட்ட துணியைத் திருப்பி விரிக்கச் சொன்னார். "சார், இப்படி வெட்டினா பூவெல்லாம் தலைகீழாத் தொங்கும்" என்றேன். "நீங்க வெட்டுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். நாற்பது திரை, நாற்பதும் தலைகீழ். அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். பட்டம் இருப்பவர்கள் மட்டும் உள்ளே. நான் வெளியே கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கூட்டத்தில் நான் உள்ளே இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. நீ பயிற்சி நிலையத்தில் கேள்வி தயாரிப்பவள். உலகத்துக்கெல்லாம் கேள்வி எழுதுகிறாய், அண்ணிக்கு இருபது எழுதமாட்டாயா?

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. போன முறை எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போய், காய்ச்சல் என்று பாதியில் திரும்பி வந்தது போதும்.

அண்ணி


ஜூன் 10

அன்புள்ள அண்ணி,

மூன்று தாள் கிழிக்கிற அளவுக்கு நான் என்ன வெளியாளா? கோபமாக வருகிறது. போகட்டும், நேரமில்லை.

இத்துடன் இரண்டு கட்டு வருகிறது. எங்கள் கேள்விகளுக்கு நான்கு நிலை உண்டு. முதல் நிலை, இரண்டாம் நிலைக் கேள்விகளை இப்போது அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் இருபது கேள்வி, நாற்பது நிமிடம். பதினேழு சரியாக வந்தால் மேலே போகலாம். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். மதிய இடைவேளையில் வெட்டுமேசை காலியாகத்தானே இருக்கும்?

ஒரே ஒரு கண்டிப்பு. கணக்குப் போட்டுப் பார்க்கும் ரஃப் தாள் எல்லாவற்றையும் எனக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். ரப்பரைத் தொடவே கூடாது, தப்பானால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். உங்கள் சரியான விடையை வைத்து எனக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. தப்பு எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்தால்தான் எனக்கு வேலை.

போனிலும் சொல்லிவிடலாம்தான். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் பேசினால் பத்தாவது நிமிடம் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

பென்சில்


ஜூன் 27

பென்சிலுக்கு,

உட்கார்ந்துகொண்டுதானே படிக்கிறாய்? முதல் நிலையில் இருபதுக்கு இருபது! நம்பாமல் இன்னொரு நாள் போட்டேன், அப்போதும் இருபது. மூன்றாம் முறை முப்பது நிமிடத்தில் முடித்துவிட்டு ஒரு டீ குடித்தேன்.

இரண்டாம் நிலையில் பத்தொன்பது. அந்த ஒன்றும் என் தப்பில்லை, உன் தப்பு. பதினான்காம் கேள்வியை எடுத்துப் பார். "முப்பது மீட்டர் துணிச் சுருள். ஒரு திரைக்கு இரண்டரை மீட்டர். எத்தனை திரை?" விடை பதினொன்று. நீ கொடுத்திருப்பது 10, 12, 13, 15. கேள்வி தயாரிக்கிற லட்சணம் இதுதானா? ஓரத்தில் "விடை இல்லை" என்று எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

இதே நிலையில் இன்னும் இரண்டு கட்டு அனுப்பு. கை நன்றாகப் பழகட்டும். அவசரப்பட்டு மேலே போக வேண்டாம்.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வெட்டுமேசையில் என்ன எழுதுகிறாய் என்று பட்டறையில் யாரோ கேட்டது அவர் காதுக்குப் போய்விட்டது. "போடு, போடு. இந்தத் தடவை மாத்திரைய முன்னாடியே வாங்கி வச்சிடறேன்" என்றார். சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

அண்ணி


ஜூலை 3

அன்புள்ள அண்ணி,

இரண்டாம் நிலை இனி கிடையாது. முதல் நிலைக் கட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். தெரிந்த கணக்கையே மூன்று முறை போட்டு இருபது வாங்கியதற்கு நான் கை தட்டமாட்டேன். இருபதுக்கு இருபது வாங்கும் இடத்தில் உங்களுக்கு இனி வேலை இல்லை.

இத்துடன் மூன்றாம் நிலை. இப்போதே சொல்லிவிடுகிறேன், முதல் முறை ஏழு வரும், எட்டு வரும். அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

பதினான்காம் கேள்விக்கு விடை பன்னிரண்டு. முப்பதை இரண்டரையால் வகுத்தால் பன்னிரண்டு, மீதி இல்லை. ரஃப் தாளில் நீங்கள் முப்பதை 29.5 ஆக்கிவிட்டு வகுத்திருக்கிறீர்கள். அந்த அரை மீட்டர் எங்கே போனது? நானும் எங்கள் அறையில் இரண்டு பேரும் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

பென்சில்


ஜூலை 15

பென்சிலுக்கு,

ஆறு. இருபதுக்கு ஆறு. ஏழு வரும் என்றாய், அதுகூட வரவில்லை.

அரை மீட்டர் எங்கே போனது என்று கேட்கிறாய். எந்தச் சுருளிலும் முதல் அரை மீட்டர் உதவாது. அட்டைக் குழாயில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், கசங்கியிருக்கும், கறையாயிருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் வேலையே ஆரம்பிப்போம். பன்னிரண்டு திரை என்று ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதினொன்றோடு போய் நின்று பார், அப்போது தெரியும்.

மூன்றாம் நிலை எனக்கு வேண்டாம். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் ஆரம்பம் மறந்துபோகிறது. நேற்று அந்தத் தாளை வைத்துக்கொண்டிருந்தபோது கை வியர்த்துப் பென்சில் வழுக்கியது. பதினாறு வருடத்தில் கத்தரிக்கோல் என் கையில் வழுக்கியதில்லை. இரண்டாம் நிலைக்கே திரும்பிப் போகிறேன். அங்கே எனக்குத் தைரியம் வருகிறது. தைரியம் இல்லாமல் தேர்வு எழுத முடியாது. கொஞ்சம் விட்டுப்பிடி.

அண்ணி


ஜூலை 21

அன்புள்ள அண்ணி,

விட்டுப்பிடிக்க நாள் இல்லை. இன்னும் எட்டு வாரம்கூட முழுதாக இல்லை. அங்கே வருவது தைரியம் இல்லை, சுகம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.

ஆறு சரி என்று பார்க்கிறீர்கள். தப்பான பதினான்கையும் நான் பார்த்தேன். ஒன்பது இடத்தில் வழி சரி. கடைசியில் கேள்வி சொல்லாத ஒன்றை உள்ளே கொண்டுவந்துவிடுகிறீர்கள். தண்ணீர்த் தொட்டிக் கணக்கில் குழாய் கசியும் என்று கொஞ்சம் கழித்திருக்கிறீர்கள். பேருந்துக் கணக்கில் பேருந்து தாமதமாக வரும் என்று பத்து நிமிடம் கூட்டியிருக்கிறீர்கள்! கேள்வியில் வரும் துணிக்குக் கறை கிடையாது அண்ணி. கேள்வியில் வரும் பேருந்து சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். அப்படி ஒரு ஊர் எங்கேயும் இல்லைதான், ஆனால் நாற்பது நிமிடம் நீங்கள் அந்த ஊரில்தான் குடியிருக்க வேண்டும்.

அந்தப் பதினொன்றை நினைத்து ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். இத்துடன் இன்னொரு மூன்றாம் நிலைக் கட்டு. தாள்களை அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

பென்சில்


ஆகஸ்ட் 12

பென்சிலுக்கு,

நீ அனுப்பிய கட்டுகள் எல்லாவற்றையும் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்.

நேற்று மதியம் சூப்பர்வைசர் தன் தங்கைக்காக வாங்கிய ஒரு பயிற்சி இதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். உங்கள் நிலையம் மாதாமாதம் வெளியிடுவது. "உங்க துணிக் கணக்கு வந்திருக்கு பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். முப்பது மீட்டர் சுருள், இரண்டரை மீட்டர் திரை. விடைகள் 10, 11, 12, 13.

"பதினொண்ணா? யாருங்க இதப் போடுவாங்க? சும்மா எடத்த அடைக்க வச்சிருக்காங்க" என்று சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே.

இதற்குத்தானா ரப்பரைத் தொடாதே என்றாய்? தப்பை அழிக்காமல் அனுப்பு என்றாய்? நான் உன்னை நம்பி, என் கிறுக்கல், என் அடித்தல் திருத்தல் எல்லாவற்றையும் உறையில் போட்டு ஒட்டி அனுப்பினேன். புருஷனிடம்கூட அந்தத் தாள்களைக் காட்டியதில்லை. நீ அதை அச்சடித்துக் கடையில் தொங்கவிட்டிருக்கிறாய். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை.

இவ்வளவு தூரம் வந்தபின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். போன முறை எனக்குக் காய்ச்சல் இல்லை. தேர்வறையில் முதல் பகுதி நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் பகுதியின் முதல் கேள்வி கம்ப்யூட்டர் திரையில் வந்தது, ஒன்றும் புரியவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது அதைவிட மோசம். என்னைச் சுற்றி எல்லாரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். வழியில் ஒரு பூங்காவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டேன். உன் அண்ணன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, சுடுது" என்றார். சுடவே இல்லை. அவருக்கும் தெரியும்.

எனக்கு மேல்படி ஏறும் கால் இல்லை. இனி எழுத வேண்டாம்.

அண்ணி


ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணி,

எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கிழியுங்கள். அந்தத் தேர்வில் இரண்டாம் பகுதி எல்லாருக்கும் ஒன்றில்லை. முதல் பகுதியைச் சுமாராக எழுதியவர்களுக்குச் சுலபமான இரண்டாம் பகுதி வரும். நன்றாக எழுதியவர்களுக்கு மட்டும்தான் கடினமானது வரும். மார்க்கும் அங்கேதான் அதிகம். அன்று உங்களுக்கு வந்தது அதுதான். நீங்கள் தோற்று வெளியே வரவில்லை அண்ணி. ஜெயித்துக்கொண்டிருந்தபோது எழுந்து வந்துவிட்டீர்கள்.

இதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எட்டு வருடமாக இதே வேலையில் இருப்பதால் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் அன்று தனியாக, ஒரு பழைய புத்தகத்தை வைத்துப் படித்தீர்கள். தாளில் எழுதிய காலத்துப் புத்தகம், அதில் இது இருந்திருக்காது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன்.

பதினொன்றைப் பற்றி. கேட்காமல் எடுத்தது தப்பு. சாக்குச் சொல்லவில்லை. ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். ஒரு கேள்வி எந்த நிலை என்று நாங்களாக முடிவு செய்வதில்லை. வகுப்புக்கு வருபவர்களிடம் கொடுத்துப் பார்ப்போம். எத்தனை பேர் தப்புவிடுகிறார்களோ அதை வைத்துத்தான் நிலை. அந்தத் துணிக் கேள்வி இரண்டாம் நிலையில் இருந்தது. உங்கள் பதினொன்றை உள்ளே வைத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்தேன். முப்பத்தெட்டு பேர் பதினொன்றைப் போட்டார்கள். கேள்வி மூன்றாம் நிலைக்கு ஏறிவிட்டது.

அந்த முப்பத்தெட்டு பேரில் சிலரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன். ஒருவர் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஒருத்தி தரைவிரிப்பு போடுகிறவள். இன்னொருவர் கேண்டீன் சமையல்காரர், "எதுலயும் கொஞ்சம் வீணாப் போகும்ல மேடம்" என்றார். வேலை பார்த்துவிட்டுத் தேர்வெழுத வருகிறவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் விழுகிறார்கள். இது எங்கள் யாருக்கும் தெரியாது. நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போனவர்கள். உங்கள் சூப்பர்வைசரைப் போல.

ஆண்டுத் தொகுப்பு டிசம்பரில் வருகிறது. அதில் அந்தப் பதினொன்றை எடுத்துவிடுகிறேன். எடுத்துவிட்டு உங்களுக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன்.

இத்துடன் நான்காம் நிலை. செய்வதும் செய்யாததும் உங்கள் இஷ்டம்.

பென்சில்


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணி,

பத்து நாளாகிறது. தபால்காரரைப் பார்த்தாலே கேட்டுக்கேட்டு, இப்போது அவரே தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

அண்ணனிடம் போனில் கேட்டேன். "ஏதோ எழுதுறா, கிழிக்கிறா. கேட்டா எரிஞ்சு விழறா. நீங்க ரெண்டு பேரும் என்னதான் பண்றீங்க?" என்றான். எழுதுகிறீர்கள் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

இன்னும் பதினெட்டு நாள்.

பென்சில்


செப்டம்பர் 2

நான்காம் நிலைத் தாள்கள் மூன்றும் உள்ளே இருக்கின்றன. முதல் முறை 5. இரண்டாம் முறை 8. நேற்று 11. இந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்காதே.

ரப்பரைத் தொடவில்லை.

என் கோபம் இன்னும் போகவில்லை. கணக்கு வேறு, கோபம் வேறு. உன் தாளை இப்போதும் போடுகிறேன் என்றால், அன்று பூங்காவில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்துக்காக. அதைத் திரும்ப வாங்க வேண்டும்.

அண்ணி


செப்டம்பர் 7

அன்புள்ள அண்ணி,

சிரிக்கவில்லை. நான்காம் நிலையில் பதினொன்று என்பது எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் எட்டாதது. தாள்களில் இப்போது கசிகிற குழாய் ஒன்றுகூட இல்லை.

இனி கட்டு எதுவும் அனுப்பமாட்டேன். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். நீங்கள் கண்டுபிடித்த விடை திரையில் இருக்கிறது என்பதற்காக உடனே சந்தோஷப்படாதீர்கள். தப்பான விடை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உண்மையிலேயே போட்டதுதான். அதை அங்கே வைத்தவளுக்கு அது தெரியும்.

இரண்டாம் பகுதி புரியாவிட்டால் உட்கார்ந்திருங்கள். அது உங்களுக்கு நல்ல செய்தி.

நீங்கள் இன்னும் கோபமாக இருப்பது தெரியும். கோபத்தோடேயே போய் எழுதுங்கள்.

பென்சில்


செப்டம்பர் 15

பென்சிலுக்கு,

அந்த ரஃப் தாளை உனக்கு அனுப்ப முடியாது. தேர்வறையிலேயே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அதனால் என்ன நடந்தது என்று எழுதியே காட்டுகிறேன்.

உன் அண்ணன் வாசல் வரை வந்தார். "முடிஞ்சதும் வா. முடியறதுக்கு முன்னாடி வராத" என்றார். இரண்டு வருடத்தில் அந்தக் காய்ச்சலைப் பற்றி அவர் வாயைத் திறந்து சொன்னது இவ்வளவுதான்.

முதல் பகுதி முடிந்தது. இரண்டாம் பகுதிக்குக் காத்திருந்த அந்த ஒரு நிமிடம், கஷ்டமாக வரட்டும், கஷ்டமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி வேண்டிக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கேள்வி வந்தது. எல்லாம் புரிந்தது! புரியக் கூடாதே.

மூன்று தையல் இயந்திரம். முதலாவது மணிக்கு எண்பது தலையணை உறை தைக்கும். இரண்டாவது அதைவிடக் கால் பங்கு கூடுதல். மூன்றாவது, இரண்டாவதைவிடக் கால் பங்கு குறைவு. காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை மொத்தம் எத்தனை உறை? என் பட்டறைக் கணக்கு, கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். எண்பது, நூறு, எழுபத்தைந்து. போட்டேன், 935. திரையில் 935 இருந்தது. போச்சு, சுலபமான பகுதிக்குத் தள்ளிவிட்டார்கள், இந்த வருடமும் போச்சு என்று நினைத்தேன். எழுந்துவிடலாமா என்று நாற்காலியைக்கூடக் கொஞ்சம் பின்னால் நகர்த்திவிட்டேன், மறைக்காமல் சொல்கிறேன்.

அப்போதுதான் நீ எழுதியது நினைவுக்கு வந்தது. உடனே சந்தோஷப்படாதே என்றாய். நான் சந்தோஷப்படவில்லை, பயந்தேன். ஆனால் இரண்டுக்கும் ஒரே மருந்துதான் என்று கேள்வியை மறுபடி படித்தேன். எட்டிலிருந்து பன்னிரண்டு நான்கு மணி நேரம். நான் போட்டது மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு. அந்த இருபது நிமிடம் எங்கே போனது?

பத்து மணிக்கு எங்களுக்கு டீ இடைவேளை, பென்சில். இயந்திரத்தை நிறுத்திவிடுவோம்.

கேள்வியில் டீயும் இல்லை, ஒன்றும் இல்லை. விடை 1020. அதுவும் இருந்தது. நான் அந்த 935ஐப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது சும்மா இடத்தை அடைக்க வந்த எண் இல்லை. எங்கேயோ ஒரு பட்டறையில் என்னைப் போல ஒருத்தி தேர்வெழுத வந்து, டீக்காக இருபது நிமிடம் கழித்திருக்கிறாள். உன்னைப் போல ஒருத்தி அவள் தாளைப் பார்த்து அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். சுலபமான பகுதியில் இவ்வளவு மெனக்கெட்டு எனக்குக் குழி வெட்டமாட்டார்கள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த கேள்வி ஒன்றுமே புரியவில்லை. அப்பாடா என்றிருந்தது. கடைசி நிமிடம் வரை உட்கார்ந்திருந்தேன். எல்லாம் போடவில்லை, நான்கு கேள்வியை விட்டுவிட்டேன். முடித்ததும் மார்க் அங்கேயே திரையில் வந்தது. அதற்குக் கீழே சேர்க்கைக்குத் தகுதி என்று இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டு, "இது என் பேர்தானே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

வெளியே உன் அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "ஆமா, சுடுது" என்றார். நிஜமாகவே சுட்டது.

டிசம்பரில் தொகுப்பு வரும் என்றாயே, அந்தப் பதினொன்றை எடுக்காதே. இருக்கட்டும். அங்கே விழுந்து எழுந்து போகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் வருவார்கள்.

அண்ணி